குறை கேட்கும் பியானோ

சுரபுரி என்ற நாட்டை வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதன் தலைநகரத்தில் நாற்சந்திக்கு நாற்சந்தி, தகரக் கூரைக்குக் கீழே ஒரு பியானோ இருந்தது. கச்சேரிக்காக அல்ல. அந்த ஊரில் குறையை எழுதிக் கொடுக்கிற வழக்கமில்லை, வாசித்துத்தான் சொல்வார்கள். தண்ணீர் வராவிட்டால் ஒரு மெட்டு, தெருவிளக்கு எரியாவிட்டால் வேறொரு மெட்டு. பக்கத்து மாடியில் இருக்கும் செவி அலுவலர் அதைக் கேட்டு ஆளனுப்ப வேண்டும். பெரும்பாலும் அனுப்பினார், சில நாள் தூங்கினார். அதையெல்லாம் மக்கள் பெரிதுபடுத்தவில்லை.

ஏகநாத பூபதி ஓட்டு வாங்கி மன்னரானதும், ஊர் முழுக்கக் குறை ஒலிப்பது நாட்டுக்கு இழுக்கு என்று கண்டுபிடித்தார். முதல் ஆணை வந்தது. யார் எதை வாசித்தாலும் முதலில் மன்னர் புகழ் மெட்டை முழுதாக வாசிக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் குற்றம். மெட்டு அத்தனை நீளம். அது முடிவதற்குள் செவி அலுவலர் சாப்பிடப் போய்விடுவார்.

அடுத்து, பியானோவின் கறுப்புக் கட்டைகள் கறுப்புக் கொடியை நினைவூட்டுவதாக அறிவிப்புத் துறை அமைச்சர் விசுவலிங்கம் கவலைப்பட்டார். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். தண்ணீர் மெட்டு பாதிப் பல் போன வாய் பேசுவது போல ஆனது. செவி அலுவலர்கள் புரியவில்லை என்று கையை விரித்தார்கள்.

கீழைத் தெருக் குழாயில் அப்போது சாக்கடை கலந்து வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் குடியிருந்த ரஞ்சிதத்தின் மகள் கோமதி, மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள். முதலில் நல்ல தண்ணீர் கொடுங்கள், மருந்து அப்புறம் பார்க்கலாம் என்றார் வைத்தியர். ரஞ்சிதம் தெருமுனைப் பியானோவுக்குப் போனாள். எந்தக் கட்டையை அழுத்தினாலும் புகழ் மெட்டே வந்தது. இரவோடு இரவாக எல்லாப் பியானோவையும் பழுது பார்த்திருந்தார்கள்.

அன்று அவையில் விசுவலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தார். "மாமன்னா, இன்று ஒரு குறைகூட வரவில்லை. குடிமக்கள் அனைவரும் தங்களையே புகழ்ந்தவண்ணம் உள்ளனர்."

பூரித்துப்போன அவை இன்னொரு சட்டம் போட்டது. புகழ் மெட்டு காதில் விழும்போது, வாசிப்பவரைத் தவிர எவரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. மன்னர் உட்பட என்று எழுதச் சொன்னவர் மன்னரேதான். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

ரஞ்சிதம் விடுவதாக இல்லை. எங்காவது ஒரு பியானோவையாவது பழுது பார்க்க மறந்திருப்பார்கள் என்று சந்தைக்குப் போனாள், துறைமுகத்துக்குப் போனாள், ஊரையே சுற்றினாள். எல்லாம் ஒரே பாட்டு. கடைசியாக, மறுநாள் காலை அரண்மனை வாசல் பியானோவின் முன் உட்கார்ந்து விரலை வைத்தாள். எதிர்ச் சன்னலுக்குள் சாப்பிட உட்கார்ந்திருந்த மன்னர் எழுந்து நின்றார். மெட்டு முடிந்தது, உட்கார்ந்தார். அவள் மறுபடி அழுத்தினாள். சோற்றுக் கையோடு மறுபடி எழுந்தார்.

அதற்குப் பிறகு அவள் விரலை எடுக்கவில்லை.

காவலர்கள் ஓடி வந்தார்கள். புகழ்பவளை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? நடுவில் நிறுத்தச் சொன்னால் சொன்னவன்தான் உள்ளே போவான். சட்டத்தைத் திருத்தலாம் என்று அவை கூடியது. ஆனால் சுரபுரியில் அவை உட்கார்ந்து போட்டால்தான் சட்டம் செல்லும். உறுப்பினர்கள் உட்காரப் போகும்போதெல்லாம் வாசலில் மெட்டு கேட்டது.

பொழுது சாயும் நேரத்தில் விசுவலிங்கமே இறங்கி வந்தார். "அம்மணி, காலையிலிருந்து மாமன்னர் நின்றுகொண்டே இருக்கிறார். திருப்பாதங்கள் வீங்கிவிட்டன."

"எம் பொண்ணால எழுந்து நிக்கவே முடியலீங்க," என்றாள் ரஞ்சிதம், அவர் முகத்தைப் பார்க்காமல். "குழாயில நல்ல தண்ணி வரட்டும், எந்திரிக்கறேன்."

அவளுக்குக் கை வலித்தது. பயமாகவும் இருந்தது. ஆனாலும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மாதக்கணக்கில் நடக்காத குழாய் வேலை விடிவதற்குள் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, தண்ணீர் தெளிவாக வருகிறது, கோமதி இரண்டு டம்ளர் குடித்தாள் என்று சொன்னாள். ரஞ்சிதம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரவெல்லாம் அங்கேயே நின்றிருந்த அமைச்சர் நிம்மதியாக மூச்சு விட்டுத் திரும்பிப் பார்த்தார். அரண்மனை மதிலைச் சுற்றிக்கொண்டு வரிசை கண்ணுக்கு எட்டாத தூரம் வரை நின்றது.

முதலில் நின்ற கிழவர், தன் பெயர் சங்கிலிமுத்து என்றும் வண்டிப்பேட்டையிலிருந்து வருவதாகவும் அமைச்சரிடம் பணிவாகச் சொன்னார். "எங்க பக்கம் ஆறு மாசமா லைட்டு எரியலீங்க."

உள்ளே மன்னர் அரியணையின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தார். சங்கிலிமுத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு பியானோவின் முன் உட்கார்ந்தார்.