மாப்பிள்ளையின் மார்பளவு

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கால் எலும்பு கூடி வருவதாக அக்கா சொன்னாள். இங்கே பெரியம்மா, நான், குதிரை மாப்பிள்ளை, மூவரும் நலம். குதிரையை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது அளவு நாடாவை என் கையில் கொடுத்து, "மாசக் கடைசிக்குள்ள மார்பு ஒரு விரலாவது ஏறலன்னா மாப்பிள்ளைய அந்தக் கிழட்டுக் குதிரை வாங்குற பண்ணைக்காரர்கிட்ட குடுத்துடலாம்மா. அவன் இளைக்கிறத என்னால பார்க்க முடியாது" என்றீர்கள். அன்று மூடிய என் ஆய்வேட்டை இன்னும் திறக்கவில்லை.

இருபத்தெட்டு வயது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்துவிட்டன. புல்லை மென்று உருண்டையாகத் துப்புகிறான். கால்நடை மருத்துவர், "இனிமே கஞ்சி பதம்தான். தீவனக் கட்டியை ஊறவச்சு, எண்ணெய் விட்டு, நாலு வேளை" என்றார். ஊறினால் எவ்வளவு உப்பும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அடிக்கடி எதற்கு என்று அரை மூட்டையைக் குளியல் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டு நூலகம் போனேன், திரும்புவதற்குள் அது விளிம்பைத் தாண்டி, சோப்பை விழுங்கி, கதவுவரை வந்திருந்தது. பெரியம்மா துண்டோடு நின்றார்.

"இதுல நான் குளிக்கணுமா, திங்கணுமாடி?"

ஆறினால் தொடமாட்டான். யாராவது பக்கத்தில் நின்று பேசினால்தான் வாய் வைப்பான். பெரியம்மாதான் பேசினார்: "என் சொந்த மாப்பிள்ளைகூட தட்டைப் பார்த்து மூஞ்சியத் திருப்பினதில்ல. நீ திருப்பு ராசா, திருப்பு." மூன்றாவது வாரம் வாளியை நக்கினான். இப்போது காலி வாளியை மூக்கால் உருட்டிவந்து சமையலறைச் சுவரில் முட்டுகிறான்.

இன்று காலை நாடா கட்டினேன். இரண்டு விரல் ஏற்றம்! பெரியம்மா கரண்டியோடு குதித்தார். நான் அழுதேன். கொஞ்சம்தான். பண்ணைக்காரருக்கு இனி வேலையில்லை.

பெரியம்மாவின் திட்டும் மாப்பிள்ளையின் கனைப்பும் உங்களுக்கு உரித்தாகுக.

தங்கள் அன்புள்ள,
தம்பி மகள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மருத்துவர் வந்துவிட்டார். நாடாவைத் தானே கட்டினார். சும்மா நின்றார். மாப்பிள்ளை மெல்ல மூச்சை விட்டான். இரண்டு விரலும் போயின. சேணம் கட்டிய காலத்துப் பழக்கமாம். மார்பைச் சுற்றி எது வந்தாலும் மூச்சைப் பிடித்து உப்பிக்கொள்வானாம். "அப்போ பெரியப்பா அளந்தப்ப ஏன் உப்பல?" என்றேன். "அப்ப அதுக்குத் தெம்பு ஏதும்மா?" என்றார்.

மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். நீங்களே வந்து அளந்து பாருங்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான்.

நானும்.