பேத்தியைப் பார்க்கப் போன லோரி

மலாயாவில் அவசரகாலத்தை அறிவித்தவன் வெள்ளைக்காரன். அதை என் வீட்டில் அமல்படுத்துவது என்று முடிவெடுத்தவன் நான்.

காரணம் இருந்தது. எங்கள் மகள் பிரேமாவதியைச் செமிலிங் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். போன வருஷம் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது, அழவே இல்லை. பாலிங் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, ஊரடங்கு. பாதை திறந்து நாங்கள் போனபோது புதைத்த மண்கூடக் காய்ந்திருந்தது. அதற்கப்புறம் என் மனைவி இராசாத்தி பேச்சை நிறுத்திவிட்டாள். இராசாத்தி பேசாத வீடு எப்படி இருக்கும் தெரியுமா? கல்யாணமான புதிதில் அதற்காக நான் வேண்டாத தெய்வமில்லை. கிடைத்தபோது தாங்க முடியவில்லை.

மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. பிரேமாவதிக்கும் மறுபடி மாசம் நிறைந்தது. ரப்பர் ஷீட் ஏற்றிச் சுங்கைப்பட்டாணிக்கு லோரி ஓட்டும் நடராஜா, ஒரு சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, செமிலிங்ல பிரேமாவுக்கு வலி எடுத்திருச்சாம்."

"உன் அண்ணிகிட்ட மூச்சு விடாதே. காலையில நான் மட்டும் உன்கூட வர்றேன். நல்ல சேதின்னா அப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போறேன். இல்லாட்டி…"

நடராஜா வேகமாகத் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்து கம்பீரமாக அறிவித்தேன். "நாளைக்கு டவுனுக்குப் போறேன். முடி வெட்டணும்."

இராசாத்தி என் தலையைப் பார்த்தாள். "இருக்கிற நாலையுமா?"

"மனுஷன் ஒழுங்கா இருக்க வேணாமா?"

"நானும் வரட்டுங்களா?"

"பொம்பளைங்க யாரும் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு தொரை உத்தரவு."

"தொரை எப்பச் சொன்னாரு?"

"இப்பத்தான். என்கிட்ட மட்டும்."

"சரிங்க."

அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். காலையில் அவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். எழுப்பாமல் நழுவினேன். அது தலையணை என்று பிறகுதான் தெரிந்தது.

குவாலா கெட்டில் தாண்டியதும் போலீஸ் தடுப்பு. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று எல்லா வண்டியையும் குடைவார்கள். ஒரு மலாய்ப் போலீஸ்காரர் பின்னால் ஏறித் தார்ப்பாயைத் தூக்கினார்.

"அல்லா!" என்றார்.

ரப்பர் ஷீட் மேலிருந்து இராசாத்தி எழுந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு மூட்டை. உடம்பெல்லாம் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டாய் வாசம். நடராஜா அவசரமாக டயரைப் பார்க்கப் போய்விட்டான்.

"இது யார்?" என்று மலாயில் கேட்டார்.

"பினி சாயா, துவான்," என்றேன் பணிவாக.

மலாயில் மனைவிக்குப் பினி என்று பெயர். சுழி ஒன்று கூட்டினால் தமிழிலும் பொருத்தமாகத்தான் இருக்கும்.

"உனக்கு யாருடி சொன்னா?" என்றேன் பல்லைக் கடித்தபடி.

"நடராஜா தம்பிதான். உங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடியே."

போலீஸ்காரர் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். அரிசி இல்லை. என் ஒரே நல்ல வேட்டி, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்து வைத்திருந்தது.

"பச்சப்புள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும்ங்க," என்றாள் என்னிடம். பிறகு அவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த மலாயில், "சுச்சு, துவான். பேரப்பிள்ளை…" என்று தொடங்கினாள். ஒரு துணியை எடுத்துப் பிள்ளை அளவுக்கு விரித்துக் காட்டினாள்.

அவர் துணியையும் அவள் முகத்தையும் பார்த்தார். தடுப்புக் கட்டையைத் தானே தூக்கினார்.

"பினி முன்னால். நீ பின்னால்," என்று எனக்கு உத்தரவு போட்டார்.

சுங்கைப்பட்டாணியில் இறங்கி, பஸ் பிடித்து, செமிலிங் போய்ச் சேர்ந்தோம். லயத்து வீட்டு வரிசை முனைக்கு வந்ததும் இராசாத்தி நின்றுவிட்டாள். போலீஸ் துப்பாக்கிக்கு அஞ்சாதவள் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்க போய்ப் பாருங்க."

"வா, சேர்ந்தே போவோம்."

"அழுற சத்தம் கேக்கலியே."

எனக்கும் கேட்கவில்லை. யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். மகள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஒரு பிள்ளையின் அழுகைக்கு நான் எவ்வளவு ஏங்கிக் கிடந்தேன் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விறகுச் சத்தம் நின்றது. அப்புறம் வந்தது, கோபமான ஒரு காட்டுக் கத்தல்.

இராசாத்தி ஓடினாள். நான் உள்ளே போவதற்குள் பேத்தி அவள் மடியில். விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். சிரித்தாள். கண்ணீர் தாரையாகக் கொட்டியது.

"அழுடி என் தங்கம். நல்லா அழு."

"இப்பத்தாம்மா தூங்க வெச்சேன்," என்று பாயில் கிடந்தபடி முனகினாள் பிரேமாவதி.

"நீ தூங்கு. இவ அழட்டும்."

நான் கை நீட்டினேன். பெரிய மனசு பண்ணிக் கொடுத்தாள். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

"ஒரு வாரம் இருந்துட்டுப் போவோம்," என்றேன், குடும்பத் தலைவனாக.

"மூணு மாசம். பத்தியம் யாரு பாக்கிறது?"

"சரி, மூணு மாசம் இருப்போம்."

"வீட்டுல ஆட்டுக்குத் தழை யாரு போடுறது?"

நான் பேத்தியின் முகத்தைப் பார்த்தேன்.

"ஊரடங்குக்கு முன்னாடி லோரி திரும்பணும், கிளம்புங்க. நடராஜா தம்பிகிட்ட நேத்தே சொல்லிட்டேன், போறப்ப ரெண்டு பேரு, வர்றப்ப ஒருத்தருன்னு."

பேத்தியின் பிடியிலிருந்து விரலை மெல்ல உருவிக்கொண்டு எழுந்த அந்த ஒருத்தர், நான்தான்.