பூட்டு திறந்த பொன்விழா

உலகின் பெரிய நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரையில் தோன்றின. இந்தப் புறநகர் அரசு உயர்நிலைப் பள்ளி மட்டும் பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம் தோன்றியது. நாகரிகங்கள் அழிந்துவிட்டன, பள்ளி நிற்கிறது. எது பெரியது என்று இனியும் விவாதிக்க வேண்டியதில்லை.

பள்ளிக்குப் பொன்விழா வந்தது. விழா என்றால் மலர் வேண்டும். மலர் என்றால் வரலாறு வேண்டும். வரலாறு என்றால் அதைப் பாடம் நடத்திய பாவத்துக்கு வரலாற்று ஆசிரியர்தான் எழுத வேண்டும். தலைமையாசிரியை அவரை அழைத்து, உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். அதையே நல்லபடியாகவும் எழுதச் சொன்னார். இரண்டையும் ஒருசேர எப்படிச் செய்வது என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டவர்கள் எல்லாம் இப்போது வெளியூர்ப் பள்ளிகளில் சிறப்பாகப் பணியாற்றி வருகிறார்கள்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பின்குறிப்பு’. மணி அடித்த பிறகுதான் அவருக்கு முக்கியமான விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும்.

பழைய காலத்தைப் பற்றி எழுதுவது சுலபமாகவே இருந்தது. கட்டடம் முதலில் சிமெண்டுக் கிடங்கு. மூட்டைகளை வெளியேற்றிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே வைத்தார்கள். அடுக்கும் முறையை மட்டும் மாற்றவில்லை. பிள்ளைகள் சுற்றுச்சுவரை ஏறிக் குதித்து வெளியே போனார்கள். நிர்வாகம் சுவரை உயர்த்தியது. பிள்ளைகளும் விடவில்லை. நிர்வாகம் மேலும் உயர்த்தியது. உயரம் தாண்டுதலில் பள்ளி தொடர்ந்து கோப்பை வென்று வருவதற்கு இந்தத் தொலைநோக்கே காரணம் என்று அவர் எழுதினார். தலைமையாசிரியை அந்த வரியைப் படித்துப் பூரித்துப்போனார்.

அடுத்தது மாணவர் வாழ்வு. அதற்கு மாணவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ‘வானொலி’ என்று ஒரு பெண் இருந்தாள். வாய் ஓயாது. அதனால் பெரும்பாலும் வகுப்புக்கு வெளியேதான் ஒலிபரப்பாவாள். வராந்தாவில் நின்றிருந்தவளிடம், இந்தப் பள்ளியில் மாணவர் வாழ்வு எப்படி என்று கேட்டார்.

“நிக்கிறதுதான் சார்” என்றாள் அவள். “காலையில அசெம்பிளில நிப்போம். தண்ணிக் குழாய்கிட்ட நிப்போம். பாத்ரூம் வாசல்ல நிப்போம். பேசினா இங்க வந்து நிப்போம்.”

‘மாணவர்கள் இளமையிலேயே சொந்தக் காலில் நிற்கப் பழக்கப்படுகிறார்கள்’ என்று எழுதிக்கொண்டார்.

நூலகத்தில் என்ன இருக்கிறது தெரியுமா என்றும் கேட்டார். உடைந்த பெஞ்சுகள் என்றாள். அவள்மேல் தப்பில்லை. நூலகர் ஓய்வுபெற்ற நாளிலிருந்து அது பூட்டியே கிடந்தது. பணியிடம் ‘நிரப்பப்படும் நிலையில்’ இருந்தது. நூலகத்தில் ஒரு புத்தகத்திலும் ஒரு பக்கம்கூட மடங்கவில்லை என்பது தலைமையாசிரியைக்குப் பெரும் பெருமை. அந்தப் பள்ளியில் எல்லாமே ஆணைப்படி, விதிப்படி, சுற்றறிக்கைப்படி நடந்தன. வெறும் ‘படி’க்குத்தான் இடம் ஒதுக்கப்படவில்லை.

ஆனால் மலருக்குப் படம் வேண்டுமே. மாணவர்கள் நூலகத்தில் படிப்பதுபோல் ஒரு படம். பூட்டு திறக்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பை உள்ளே உட்காரவைத்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். புகைப்படக்காரர், கேமராவைப் பார்க்காதீர்கள், புத்தகத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு விளக்கைச் சரிசெய்யப் போனார். வினை அங்கேதான் பிடித்தது. விளக்கு சரியாவதற்குள் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

படம் எடுத்தாயிற்று. எழுந்திருங்கள் என்றார் தலைமையாசிரியை. ஒருவரும் அசையவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதினார். யாரோ பக்கத்தைப் புரட்டும் சத்தம்தான் பதிலாக வந்தது. மணியும் அடித்தது. தலைமையாசிரியை வானொலியின் தோளைத் தொட்டார். அவள் தலை நிமிராமலே சொன்னாள்: “கொஞ்சம் இருங்க மேடம். அவன் தப்பிச்சானான்னு பாத்துட்டு வரேன்.”

வரலாற்று ஆசிரியர் அலமாரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக வகுப்பில் அவர் கெஞ்சியும் அதட்டியும் கிடைக்காத அமைதி அது. அவரும் அதட்டியிருக்க வேண்டும், அதுதான் முறை. அவரோ மெல்ல நடந்துபோய் மின்விசிறியைப் போட்டுவிட்டார்.

இதற்குள் பத்தாம் வகுப்பு வாசலில் எட்டிப் பார்த்தது. பிறகு உள்ளேயும் வந்துவிட்டது. பிற்பகல் வகுப்புகள் எல்லாம் காற்றாடின. கடைசியில் ஆசிரியர்கள் ஆளுக்கொரு வரிசையாகப் புத்தகங்களைக் கையிலிருந்து பிடுங்கி, நூலகத்துக்கு இரட்டைப் பூட்டுப் போட்டார்கள். வானொலி அதன் பிறகு அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தப்பித்தானா என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

அவசரக் கூட்டம் கூடியது. உடற்பயிற்சி ஆசிரியர் அதை வேலைநிறுத்தம் என்றார். கணக்கு ஆசிரியை, பள்ளிக்கூடத்தில் படிப்பது வேலையில் சேருமா, வேலைநிறுத்தத்தில் சேருமா என்று சந்தேகம் கிளப்பினார். நீண்ட விவாதத்துக்குப் பின் ‘கூட்டு ஒழுங்கீனம்’ என்று ஒருமனதாக முடிவாயிற்று. வரலாற்று ஆசிரியர் இதை மலரில் எழுதாமல் விட்டுவிடலாமே என்றார்.

“எதுக்கு விடணும்?” என்றார் தலைமையாசிரியை. “ஐம்பது வருஷத்துல ஒரே ஒரு சம்பவம். அதையும் அன்னைக்கே அடக்கிட்டோம். நமக்குப் பெருமைதானே சார்?”

“என்ன சம்பவம்னும் எழுதணுமா மேடம்?”

“விவரம் இல்லாம அது என்ன வரலாறு? எழுதுங்க.”

வீட்டில் மனைவியிடம் சொன்னார். எழுதினால் மாற்றல் வருமோ என்று பயமாக இருந்தது. எழுதாவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் இருந்தது. மனைவி யோசித்தாள். “அவங்க சொன்னதைத்தானே எழுதப் போறீங்க. கூட ஒரு வார்த்தை சேக்காதீங்க, போதும்” என்றாள்.

அவர் சேர்க்கவில்லை. மலர்க் குழு படித்து ஒப்புதல் அளித்தது. பொன்விழா மேடையில் மலரை வெளியிட்ட கல்வி அதிகாரி, ஒழுக்கம் என்ற தலைப்பைப் பார்த்ததும் மகிழ்ந்து, அந்தப் பத்தியை ஒலிபெருக்கியில் கணீரென்று வாசிக்கத் தொடங்கினார். தலைமையாசிரியை கைதட்டத் தயாராக இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டார்.

“இப்பள்ளியின் ஐம்பது ஆண்டுகளில் மாணவர்கள் ஒரே ஒரு முறைதான் விதி மீறினார்கள். அன்று அவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகத்தின் உடனடி நடவடிக்கையால் அது நிறுத்தப்பட்டது. இன்றுவரை மீண்டும் நிகழவில்லை.”