சிவப்புத் தலைப்பாகைக்கு ஒரு ஒன்ஸ்மோர்

எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்கறது இருபத்திரெண்டு வயசு வரைக்கும் மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, எங்கம்மாவுக்கு, கண்ணாடிக் கடைக்காரருக்கு. கண்ணாடி எப்பவும் சட்டைப் பையிலயே பத்திரமா இருக்கும். அதை மாட்டினா டிராயிங் வாத்தியார் மாதிரி ஆயிடறேன்னு ஒரு நெனப்பு. (மாட்டாட்டி மட்டும் என்ன, மன்மதனா?)

அந்த மன்மதன் ஒருநாள் சாயங்காலம் சிநேகிதனுக்கு உதவி பண்ணக் கிளம்பினான்.

ஏகாம்பரம், ரஃபீக், நான் மூணு பேரும் ஒரே ஃபாக்டரி. அல்சூர்ல அடுத்தடுத்த தெரு. ஏகாம்பரம் பாடினான்னா லேத் மிஷின் சத்தமே அடங்கிப்போகும். எங்க பேட்டை நாடக சபாவுல பாட்டும் ஆட்டமுமா ஒரு சிரிப்பு நாடகம் போட்டாங்க. அவனுக்கு அதுல சமையல்காரன் வேஷம், ஒரே ஒரு பாட்டு. ஆனா அன்னிக்குன்னு பார்த்து மெட்ராஸ்லேர்ந்து ஒரு நாடகக் கம்பெனி முதலாளி முன்வரிசைக்கு வரார். அவருக்கு ஒரு காமெடிப் பாட்டுக்காரன் வேணுமாம்.

"மச்சான், பாட்டு முடிஞ்சதும் ஒன்ஸ்மோர் விழுந்தாத்தான் அவர் திரும்பியே பார்ப்பாரு"ன்னான் ஏகாம்பரம். அந்தக் காலத்துல அப்படித்தான். ஒன்ஸ்மோர் கேட்டா நடிகர் முழுப்பாட்டையும் ஆட்டத்தோட திரும்பப் பாடியே ஆகணும். "மேக்கப்புல என்னை அடையாளம் தெரியாது. சிவப்புத் தலைப்பாகை கட்டிட்டு வருவேன். மறந்துடாதே."

"நீ கவலைப்படாதே. நான் கர்ச்சீப்பை ஆட்டினா ஹாலே கத்தும்"னேன்.

ஃபாக்டரியில பத்துப் பேரைச் சேர்த்துக் கடைசி வரிசையில உட்கார வச்சேன். இடது பக்கம் பொம்பளைங்க. அதனால கண்ணாடி பையிலேயே. (போடாம அந்தப் பக்கம் பார்த்து என்ன பிரயோஜனம்? பொண்ணு எது, தூண் எதுன்னே தெரியல.)

நாடகம் ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல ஒரு தலைப்பாகை ஆடிக்கிட்டே வந்து ஒரு பாட்டுப் பாடிச்சு. என் கண்ணுக்கு அது சிவப்பாத்தான் தெரிஞ்சுது. கர்ச்சீப்பை எடுத்தேன்.

தலைப்பாகை அடையாளம் தெரியாத ரஃபீக் கையைப் பிடிச்சான். "அரே, இருடா. ஆள் குட்டையா இருக்கானே?"

"தூரத்துலேர்ந்து பார்த்தா எல்லாரும் குட்டைதான்."

"குரலும் வயசான குரலா இருக்கேடா."

"நடிப்புடா அது! உனக்கு என்ன தெரியும் நாடகத்தைப் பத்தி?" (எனக்கும் அதுதான் முதல் நாடகம்.)

கர்ச்சீப் ஆடிச்சு. பத்துப் பேரும் "ஒன்ஸ்மோர்!"னு கூரை பிச்சுக்கற மாதிரி கத்தினாங்க. மேடையில இருந்தவர் ஒரு நிமிஷம் திகைச்சு நின்னுட்டு, மறுபடியும் ஆடிப் பாடினார். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்னு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்க. விடுவேனா? ரெண்டாவது தரம் ஆட்டினேன். அப்புறம் மூணாவது தரம். அதுக்குள்ள மேடையில மூச்சு வாங்கறது கடைசி வரிசைக்கே கேட்டுது. ஆட்டத்தை விட்டுட்டு ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்து பாடினார். பக்கத்துல இருந்த கன்னடக்காரப் பெரியவர் "சாக்கப்பா, சாக்கு"ன்னு, போதும்டா சாமின்னு, என்னைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார்.

ஒன்பது மணிக்கு ஹாலைக் காலி பண்ணிக் கொடுத்தாகணும். அதனால சபா செக்ரட்டரி உள்ளே போய்க் கத்திரி போட ஆரம்பிச்சுட்டார். எதுல போட்டார்னு அடுத்த சீன்லதான் தெரிஞ்சுது. ஒரு நெட்டை உருவம் வந்து, "எஜமான், காபி ரெடி"ன்னு சொல்லிட்டு ரெண்டு செகண்டு நின்னுச்சு. அவ்வளவுதான், பாட்டே இல்லாம உள்ளே போயிடுச்சு.

ரஃபீக் மெதுவா, "டேய், இவன் தலையிலயும் ஒரு தலைப்பாகைடா"ன்னான்.

கண்ணாடியை எடுத்து மாட்டினேன். உள்ளே போய்க்கிட்டு இருந்தது சிவப்புத் தலைப்பாகை. முன்னாடி பாடினவர் ஸ்டூலை எடுத்துக்கிட்டு அந்த ஓரமாப் போனார். போலிச் சாமியார் வேஷம், காவித் தலைப்பாகை.

நாடகம் முடிஞ்சு நழுவப் பார்த்தேன். வாசல்லயே சாமியார் பிடிச்சுட்டார். குப்புசாமின்னு பேரு, தையல் வேலை. அம்பது வயசு இருக்கும். வேர்வையில மேக்கப் கோடு கோடா இறங்குது. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "தம்பி, இருபது வருஷமா வேஷம் கட்டறேன். இன்னிவரைக்கும் எனக்கு ஒருத்தர் ஒன்ஸ்மோர் சொன்னதில்ல. முதலாளி நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கார். எம் பொண்டாட்டி அங்க நின்னு அழுவுறா பாருங்க"ன்னார்.

அவர் தோளுக்குப் பின்னால ஏகாம்பரம் நின்னுக்கிட்டிருந்தான், தலைப்பாகையை அவிழ்க்காம. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் வேணாம்னு தலையாட்டினான். அப்புறம் அவனே முன்னால வந்து, "அண்ணே, பிரமாதமாப் பாடினீங்க"ன்னு அவர் காலைத் தொட்டான்.

குப்புசாமி அந்தக் கம்பெனியோடவே போயிட்டார். ஏகாம்பரம் ஃபாக்டரியிலயே இருந்தான், ரெண்டு வருஷத்துல என் தங்கச்சியைக் கட்டிக்கிட்டான். இன்னிக்கும் எங்க வீட்டு விசேஷத்துல நான் கர்ச்சீப் எடுத்து மூக்கைச் சிந்த முடியாது. பசங்க எல்லாம் "ஒன்ஸ்மோர்!"னு கத்துதுங்க.

அன்னிக்கு நாடகம் முடிஞ்சு ஏரிக்கரை வழியா மூணு பேரும் நடந்து வந்தோம். கண்ணாடியைக் கழட்டக்கூட எனக்குத் தோணல. அதை அப்பத்தான் முதல் முதலாக் கவனிச்ச ஏகாம்பரம் நின்னுட்டான்.

"அவருக்காக மூணு தரம் கர்ச்சீப்பை எடுத்தியே மச்சான்," அப்படின்னான். "எனக்காக ஒரு தரம் இந்தக் கழுதையை எடுத்து மாட்டியிருக்கக் கூடாதாடா?"