பல்வரோன் முக்காலி

பல்வரோன் வீட்டு வம்சாவளிப் படத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஓட்டை சரியாக 1740-க்கும் 1760-க்கும் நடுவில். முந்நூறு வருடத் தாளில் அந்தப் பாழாய்ப்போன பூச்சிக்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

"இருபது வருஷத்தைக் காணோமே, பல்வரோன்?" என்றாள் பக்கத்துப் பண்ணைக்காரி கிரிசல். "நடுவுல எங்கயாவது வெளியூர் போயிருந்தீங்களோ?"

அவருடைய சொந்தப் பெயர் ஹெக்டர் லீஸ்க். ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் நிலக்காரரை நிலத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அதைக் குத்தகைக்கு உழுகிறவருக்கும் அதே பெயர்தான். "பல்வரோன்!" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை ஊர் விளையாட்டு விழா. ஊரிலேயே பழைய குடும்பம், அதுவும் நடுவில் அறுபடாத குடும்பம் எதுவோ, அதற்குத்தான் மேடையில் தலைவர் இருக்கை. இத்தனை வருடமும் கிரிசல்தான் உட்கார்ந்தாள்.

"நமக்குப் பிள்ளை குட்டி இல்ல, எல்ஸ்பெத்," என்றார் பல்வரோன் மனைவியிடம். அவருக்கு எழுபத்தொரு வயது. "என்னோட இந்த வம்சம் முடிஞ்சுது. முடியறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அங்க உக்காந்துட்டா போதும்."

எல்ஸ்பெத்துக்கு மனசு கேட்கவில்லை. "அதுக்கென்ன, ஓட்டையை அடைச்சுட்டாப் போச்சு," என்றாள்.

இருவரும் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினார்கள். 1743: பல்வரோனுக்கு மகன், தாய் ஜீன். அதே வருடம் பல்வரோனுக்கு மகள், தாயின் பெயர் கிறிஸ்டியன். அதே வருடம் பல்வரோனுக்கு இன்னொரு மகன், தாய் மார்ஜரி.

"என்னங்க, மூணு அம்மாவா?"

"ஜீன்தான் நம்ம வம்சத்துப் பாட்டி. மத்ததெல்லாம் குத்தகைக்காரப் பல்வரோன்."

"அவன் பிள்ளைங்களுக்கும் ஒரே வருஷத்துல ரெண்டு அம்மா வருதே?"

"குத்தகை கைமாறியிருக்கும், போ!"

கல்லறைத் தோட்டத்தில் ஜீனின் கல் கிடைத்தது. பாசியைச் சுரண்டினார். 'பல்வரோனின் மனைவி. மணம் 1747.'

"பிள்ளை பொறந்தது நாப்பத்து மூணுல. கல்யாணம் நாப்பத்தேழுலயா?" என்றாள் எல்ஸ்பெத்.

"கல் கொத்தினவன் குடிச்சிருப்பான்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. மிச்சமிருந்தது சபை மூப்பர்களின் பழைய குறிப்பேடு ஒன்றுதான். தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்கும் நெட்டியிடம் அது இருந்த பெட்டியின் சாவி இருந்தது. குறிப்பேட்டைத் திறந்து படித்த பல்வரோன் துள்ளிக் குதித்தார்.

"எல்ஸ்பெத்! இதைக் கேளு! '1743. பல்வரோன் ஒன்பது ஞாயிறு, சபையார் அனைவரும் காண, போதகருக்கு எதிரே உயர்ந்த முக்காலியில் அமர்ந்தார்.' நாப்பத்தெட்டுல ஆறு ஞாயிறு! அம்பத்தஞ்சுல பதிமூணு!"

"இதுவும் குத்தகைக்காரரா இருந்தா?"

"குத்தகைக்காரனை யாரு முன்னால கொண்டுவந்து உக்கார வைப்பா? என்ன மரியாதை பாரு!"

"துரை," என்று இழுத்தாள் நெட்டி, "அந்த முக்காலி வந்து..."

"இருக்கா?"

"பின்னறையில கெடக்கு. ஆனா துரை..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம். மெழுகு போட்டுப் பளபளன்னு துடைச்சு வை!"

சனிக்கிழமை பேக்பைப் ஊதுவாத்தியம் முழங்க, அந்தக் கருத்த ஓக் முக்காலி மேடையேறியது. பல்வரோன் கட்டம் போட்ட கில்ட் பாவாடையைச் சரிசெய்துகொண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். ஒலிபெருக்கியில் குறிப்பேட்டை வாசித்தார். "ஒன்பது ஞாயிறு!" என்றதும் மைதானம் ஆரவாரித்தது. "பதிமூன்று ஞாயிறு!" என்றபோது போட்டியில் மரக்கட்டை எறிய நின்றவன் கட்டையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

எல்லோரையும்விட பலமாகக் கைதட்டியது கிரிசல்தான். கண்ணில் நீர் வழிந்தது. "நீங்கதான் தலைவர், பல்வரோன்! ஓட்டை அடைஞ்சு போச்சு! எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கல!"

பல்வரோனுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த ஒரு நாளுக்காகவே பிறந்தவர்போல உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ஆரவாரம் அடங்குவதாகத் தெரியவில்லை. மேடையோரம் சூப்புக் கிண்ணத்தோடு நின்ற நெட்டியிடம் குனிந்தார்.

"ஏன் நெட்டி, கைதட்டறதெல்லாம் சரி. எதுக்கு இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க?"

"அது கல்யாணமாகாம பிள்ளை குடுத்தவங்களை உக்கார வச்சு வெக்கப்பட வைக்கிற முக்காலி," என்றாள் நெட்டி. "இங்க சிரிக்கிறவங்கள்ல பாதிப் பேரு அந்தப் பழைய பல்வரோனோட பிள்ளைங்க வழி வந்தவங்கதான், நான் கிறிஸ்டியனோட மக வழி. உங்க வம்சம் ஒண்ணும் முடியல, எறங்கி வாங்க அண்ணே, சூப்பு ஆறுது!"