முட்டைக்குள் இருந்த நஞ்சு

சீனாவின் மலைநகரமான சோங்சிங்கின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால்கள் அத்தனையும் விடிந்ததுமே மண்டப வாசலில் வரிசையில் நின்றன. காரணம் ஞானம் அல்ல, முட்டை. சொற்பொழிவு கேட்டால் தலைக்கு ஆறு முட்டை இலவசம். கேட்டு முடித்ததும் வைத்தியர் ஷியாங்கின் மூலிகைப் பொடி கலந்த வெந்நீரில் கால் வைக்க வேண்டும். உடம்பில் தேங்கிய ஈரமும் நஞ்சும் பாதம் வழியே இறங்கிவிடுமாம். மண்டபமே நம்பியது. நானும்தான்.

மறைப்பானேன்? முதல் தடவை என் தொட்டித் தண்ணீர் கறுத்தபோது எனக்கு அழுகை வந்தது. பதினோரு வருட முழங்கால் வலி. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே படத்தில் அது வெறும் தேய்மானம். இங்கே அதற்கு ஒரு நிறம் கிடைத்தது. போதாக்குறைக்கு வைத்தியர் என் பாதத்தைத் துடைத்துவிட்டு, "அம்மா" என்றார். என் மகன் வேலைக்குப் போன ஷென்சென் நகரிலிருந்து புத்தாண்டுக்கு மட்டும்தான் போனில் அப்படிக் கூப்பிடுவான். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான்கு டப்பா பொடி வாங்கினேன்.

என் அக்கா யாச்சின் என்னை மிஞ்சினாள். மாத்திரைதான் பெரிய நஞ்சு என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டாள். எட்டாம் நாள் எங்கள் சந்துப் படியில் தலை சுற்றி விழுந்தாள். நெற்றியில் நான்கு தையல்.

"நஞ்சு வெளியேறுறப்ப தலை சுத்தத்தான் செய்யுமாம். வைத்தியர் சொன்னாரு."

"உயிர் வெளியேறுறப்ப என்ன செய்யுமாம்?"

"உன் வாயைக் கழுவுடி! தண்ணி கறுக்குறத நீயும்தானே பாத்த? கண்ணு பொய் சொல்லுமா?"

அன்று மாலை சந்தையில் இரண்டு பன்றிக்கால்கள் வாங்கினேன்.

சூடு போகாமலிருக்க மடியிலிருந்து தொட்டிவரை கனத்த துணி போர்த்துவது அங்கே வழக்கம். மறுநாள் அக்காவோடு மண்டபம் போய், அந்தத் துணிக்குள் என் கால்களை நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டேன். பன்றிக்கால்களைத் தொட்டியில் இறக்கி, பொடியைக் கொட்டினேன். வைத்தியர் வந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

"அடேயப்பா! இருபது வருஷ ஈரம்மா இது. கல்லீரல்ல அடக்கி வச்ச கோபம். யார்கிட்டயும் சொல்லாத சோகம்!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. நான் அந்தச் சோகத்தை இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டினேன்.

"வெள்ளை பீன்ஸ் போட்டு சூப்பு வையுங்க, சோகம் போயிடும்!" என்று பின்வரிசைக் கிழவர் ஒருவர் கத்தினார். மண்டபம் சிரித்தது.

வைத்தியர் அசரவில்லை. "பன்னி சேத்துல புரளுற ஜென்மம். அதுக்கு நஞ்சு இருக்காதா?"

சிரித்த அதே தலைகள் ஆமாம் என்று ஆடின. இனி அக்கா மாத்திரையைத் தொடவே மாட்டாள்.

அப்போது அவள் எழுந்தாள். நெற்றிக் கட்டோடு நேரே மேசைக்குப் போய் இலவச முட்டை ஒன்றை எடுத்தாள். அதை யாரும் கால் வைக்காத வெந்நீர்த் தொட்டியில் போட்டு, மேலே பொடியைத் தூவினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் பன்றியினுடையதைவிடக் கறுப்பானது.

"ஏம்பா, இது நீ குடுத்த முட்டை. இதுல நஞ்சு இருக்குன்னா எங்களுக்கு ஏன் தின்னக் குடுக்குற? இல்லேன்னா தண்ணி ஏன் கறுக்குது?"

வைத்தியர் பொடி டப்பாக்களை அவசரமாகப் பையில் திணித்தார். பின்வரிசைக் கிழவர் தன் முட்டையையும் ஒரு தொட்டியில் போட்டுப் பொடி தூவிப் பார்த்தார். அடுத்தவளும் போட்டாள். மண்டபம் முழுக்க முட்டைகள் நஞ்சைக் கக்கிக்கொண்டிருக்க, ஷியாங் பின்வாசலைத் தேடினார்.

வீட்டில் அக்கா மாத்திரையை விழுங்கிவிட்டுக் குவளையைக் கீழே வைத்தாள்.

"நம்மள அம்மான்னு கூப்பிட்டது மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ம்."

இந்நேரம் அவர் வேறு ஊரில் முட்டை அடுக்கிக்கொண்டிருப்பார். வரிசையில் நிற்கப் போகிறவர்களே, காலோடு தலையையும் கொண்டு போங்கள். நாங்கள் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தோம்.