ஓட்டை விழுந்த தங்கக்காசு

ஒரு காட்டில் சிங்கம் இருந்ததா என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. நகைக்கடை ஒன்று இருந்தது. பெரிய கறையான் புற்று ஒன்றைக் குடைந்து, உள்ளே விளக்கெல்லாம் போட்டு, ஓர் உடும்பு அதை நடத்திவந்தது. உள்ளே போன யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. உடும்பு வணக்கம் சொல்லிக் கையைப் பிடித்தால், பில் போட்ட பிறகுதான் விடும்.

அந்தக் காட்டில் கருக்குவேல் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி செண்பகவடிவும் கிழங்கு வியாபாரம் செய்து பிழைத்தார்கள். அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்து, கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியது. வடிவின் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டு போக ஒரு நெக்லஸ் வாங்கலாமா என்று வடிவு கேட்டாள்.

கருக்குவேலுக்கு அது பிடிக்கவில்லை. காலையில் ஒரு கிளி மரத்துக்கு மரம் பறந்து தங்க விலை சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குத் தானும் ஒரு பொருளாதார நிபுணன் என்ற நினைப்பு வந்திருந்தது. நகை வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று கடைக்காரன் உருவிவிடுவான் என்றும், காசாக வாங்கினால் அந்தத் தொல்லையே இல்லை என்றும், புத்தியுள்ள மிருகம் தங்கத்தைக் கழுத்தில் போடாது, முதலீட்டில்தான் போடும் என்றும் சாப்பாட்டு வேளையெல்லாம் விளக்கினான். கடைசியில் சாப்பாடாவது நிம்மதியாக இறங்கட்டும் என்று வடிவு சரி என்றாள்.

இருவரும் கடைக்குப் போனதும் உடும்பு ஒரு தங்கக்காசை எடுத்து நீட்டியது. காசு, பிளாஸ்டிக் கவருக்குள் ஒட்டி சீல் வைக்கப்பட்டிருந்தது.

“சுத்தத் தங்கம். ஆனா கவரைப் பிரிச்சிராதீங்க, விலை குறைஞ்சிரும்.”

“தொட்டுப் பார்க்கணும்னா, அண்ணாச்சி?” என்று கேட்டாள் வடிவு.

“கவரைத் தொட்டுப் பாருங்க.”

கருக்குவேல் அதை வளையின் உள்ளறையில் வைத்தான். விலை ஏறியது என்று கிளி சொன்னால் அவனுக்கு நெஞ்சு விம்மும். பிறகு இருவரும் அதே கிழங்கைத் தின்பார்கள். ஏறியிருக்கிறதே, விற்று ஏதாவது வாங்கலாமா என்று வடிவு கேட்டால், இன்னும் ஏறும், பொறு என்பான். இறங்கினால், இப்போது போய் யாராவது விற்பார்களா என்பான். விற்கவே கூடாத ஒரு பொருளைத்தான் வாங்கியிருக்கிறோம் என்று வடிவு மெல்லப் புரிந்துகொண்டாள்.

கல்யாணம் வந்தது. முள்ளம்பன்றிகள் கல்யாணம் என்பதால், ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளாமல் தள்ளி நின்றே பாசம் காட்டினார்கள். கருக்குவேல் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை உறிஞ்சியபோது, எதிரே போன வடிவின் முதுகில் ஏதோ மின்னியது. அவனுடைய காசு. கவரைக் காணோம். காசின் நட்டநடுவே ஒரு முள் ஏறி மறுபக்கம் வந்திருந்தது.

மாமனார் வீட்டார் சுற்றியிருந்ததால் கத்தவும் முடியவில்லை. முள் மட்டும் மொத்தமாகச் சிலிர்த்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் இலையை நகர்த்திக்கொண்டார்கள். அவன் எழுந்துபோய் அவள் காதருகே, என்ன காரியம் பண்ணியிருக்கே என்று கேட்டான்.

“சுத்தத் தங்கம்னு அண்ணாச்சி சொன்னாரே, அது நிஜந்தாங்க” என்றாள் வடிவு. “வெண்ணெய் மாதிரி உள்ள போச்சு.”

மறுநாளே இருவரும் உடும்பிடம் ஓடினார்கள். உடும்பு காசைக் கண்ணருகே பிடித்து, ஓட்டை வழியே கருக்குவேலைப் பார்த்தது. ஓட்டை போட்டால் அது காசு இல்லை, நகை என்றது. பழைய நகையை எடுத்துக்கொள்வதென்றால் சேதாரம் கழித்துத்தான் எடுக்கவேண்டும் என்றது.

“இதுல சேதாரம் எங்கே இருக்கு, அண்ணாச்சி? வெறும் ஓட்டைதானே?”

“ஓட்டை இருக்கிற இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு? அதான் சேதாரம்.”

கருக்குவேல் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். வடிவு அழவில்லை. ஓட்டை இருந்த இடத்துத் தங்கம் எங்கே போயிருக்கும் என்று யோசித்தாள். திரும்பித் தன் முதுகைப் பார்த்தாள். அந்த ஒரு முள்ளின் நுனி மட்டும் மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் வீடு திரும்பியபோது வாசலில் மிளா மான் நின்றிருந்தது. கல்யாணத்தில் வடிவின் முதுகைப் பார்த்ததிலிருந்து அதற்குத் தூக்கம் இல்லையாம். அதன் வீட்டுக்காரரும் முதலீடு என்று ஒரு காசை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறாராம். அதை அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தது. ஓர் ஓட்டை போட்டுத் தந்தால் கொடியில் கோத்துப் போட்டுக்கொள்ளும். எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டது.

“செய்கூலியெல்லாம் வேண்டாம் மதினி” என்றாள் வடிவு. “சேதாரத்தை மட்டும் எடுத்துக்கிறேன்.”

அதன்பிறகு காட்டெருமை வந்தது, அணில் வந்தது, கீரியும் அதன் மூன்று நாத்தனார்களும் வந்தார்கள். காட்டில் இத்தனை புருஷன்மார் முதலீட்டாளர்களாக இருப்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. வடிவு முதுகைத் திருப்பிக் குத்துவாள். கருக்குவேல் ஒரு சீப்பை வைத்து அவள் முள்நுனிகளைப் பொறுமையாகச் சீவி, உதிர்ந்ததைத் தேக்கிலையில் பிடிப்பான். நிபுணனுக்கு ஏற்ற வேலை இல்லைதான். ஆனால் கண்ணெதிரே தங்கம் கொட்டும்போது கௌரவம் பார்ப்பது கஷ்டம்.

இப்போதும் அவன் காலைவேளையில் நகைக்கடை வாசலில் நிற்பதைப் பார்க்கலாம். யாராவது நெக்லஸ் வாங்கப் போனால் வழிமறித்து, உண்மையான அக்கறையோடு சொல்வான்:

“காசா வாங்குங்க. அதுதான் முதலீடு. வாங்கிட்டு, வீட்டம்மாகிட்ட மட்டும் எங்க வீட்டுக்கு வழி சொல்லி வையுங்க.”

நீதி: உங்கள் சேமிப்பில் ஓட்டை விழுந்தால் மனம் தளராதீர்கள், அதே ஓட்டையை ஊரார் சேமிப்பிலும் போட்டுக் கொடுங்கள்.